உராய்வு இல்லாத கல்வி

அறிவைப் பூட்டி வைப்பது மனிதகுலத்துக்குச் செய்யும் துரோகம் என்ற மாபெரும் உண்மையை, அந்தத் தனியார் கல்லூரியின் முதல்வர் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், தேநீர் வருவதற்கு முன்பே கண்டறிந்து அறிவித்தார். ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் படம் பிடித்து இணையத்தில் இலவசமாகப் போட வேண்டும். உலகம் படிக்கக் காத்திருக்கிறது.

மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தார்கள். இயற்பியல் ஆசிரியை மட்டும் நம்பிவிட்டார்.

விடுமுறை முழுக்கப் படுக்கையறையே வகுப்பறை ஆனது. அலமாரிக் கதவில் வெள்ளைப் பலகை தொங்கியது. கணவர் ஸ்டூலில் ஏறி நின்று கைபேசியைப் பிடித்தார்.

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி பேசேன்.”

“உராய்வு விசையைப் பத்திச் சொல்றப்ப எதுக்குச் சிரிக்கணும்?”

“சரி, என் கை நடுங்குது. சீக்கிரம் சொல்லு.”

பாடம் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் நன்றி எழுதினார்கள். பாதியில் விட்ட படிப்பை, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே மறுபடி தொடங்கியிருப்பதாக ஒரு பெண் எழுதியதை ஆசிரியை கணவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

முதல்வரும் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி முற்றி, ‘திறந்த கல்வி’யின் முதல் நடவடிக்கையாக ஆசிரியர் அறையைப் பூட்டினார். பாடம்தான் இணையத்தில் இருக்கிறதே, அப்புறம் ஆசிரியர் எதற்கு? பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இயற்பியல் ஆசிரியையை மட்டும், அவரது தொண்டு உள்ளத்தையும் தொண்டையையும் பாராட்டி, பாதிச் சம்பளத்தில் ‘கற்றல் துணைவர்’ ஆக உயர்த்தினார். வேலை சுலபம். திரையைப் போட வேண்டும், முடிந்ததும் அணைக்க வேண்டும்.

“பாடம் இலவசம்னா எங்களுக்கு எதுக்கு சார் ஃபீஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“பாடம் இலவசம்தாம்மா. பெஞ்சு?” என்றார் முதல்வர்.

முதல் வகுப்பு. ஆசிரியை பொத்தானை அமுக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். திரையில் அவரே உராய்வை விளக்கினார். “புரிஞ்சுதா?” என்று கேட்டார். ஒரு கணம் காத்திருந்து, “நல்லது” என்று அடுத்ததற்குத் தாவினார். இங்கே ஒருவருக்கும் புரிந்திருக்கவில்லை. அதே மாணவி கையைத் தூக்கினாள். திரை அவளைப் பொருட்படுத்தவில்லை. அவள் ஓரத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள்.

“மேடம், உராய்வு நகர்றதைத் தடுக்கும்னு சொல்றீங்க. அப்புறம் அது இல்லன்னா நடக்கவே முடியாதுங்கறீங்க. ரெண்டுல எது நிஜம்?”

ஆசிரியைக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து, செருப்பைத் தரையில் அழுத்தித் தேய்த்துக் காட்டினார்.

“பாரு, கால் பின்னாடி வழுக்கப் பாக்குது. தரை விடமாட்டேங்குது. அதனாலதான்…”

கடைசி பெஞ்சு எழுந்து எட்டிப் பார்த்தது.

“மேடம்.” கதவருகே முதல்வர். “பாடம் நடக்கும்போது பேசலாமா?”

“சார், அங்க பேசறதும் நான்தான்.”

முதல்வர் திரையை மிகுந்த மரியாதையோடு ஏறிட்டுப் பார்த்தார்.

“அவங்க சம்பளம் கேக்கறதில்ல. யாரு கேள்வி கேட்டாலும் நின்னு பதில் சொல்றதில்ல. தன் பாட்டுக்குப் போயிட்டே இருக்காங்க. அவங்களைப் பாத்தாவது கத்துக்கங்க மேடம்.”