எஞ்சின் கைபிடி வைத்த விண்கலம்

துசியந்தன் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால், கணினித் திரையில் விண்கலம் வலப்பக்கம் போனது. வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போய்ப் பாறையில் மோதி வெடித்தது. கோயில் திருநாளுக்கு ஏழு நாள்கூட இல்லை.

அவன் கடலே இல்லாத மாங்குளத்தான். சண்டை நின்று சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு முல்லைத்தீவுக்கு வந்து, கத்தோலிக்கக் கோயில் வளவில் கணினி வகுப்பு நடத்தினான். வின்டோஸ் தட்டு கீறிப்போனதால், வவுனியாவிலிருந்து சிநேகிதன் கொடுத்தனுப்பிய லினக்ஸைப் போட்டிருந்தான். அதற்குள் விண்வெளி ஓட்டப்பந்தய விளையாட்டு ஒன்று இருந்தது. திருநாளுக்கு அதை வைத்தால் சனம் வரும் என்று சுவாமியாரிடம் சொல்லி, ஜெனரேற்றருக்கும் அனுமதி வாங்கிவிட்டான்.

உண்மையில் சனத்தைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அவன் விரும்பிய டிலுசாவின் தகப்பன் அந்தோனிமுத்து வரவேண்டும். கடல் தெரியாதவனுக்குத் தன் பெட்டையைக் கட்டிக் கொடுப்பதில்லை என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர் அவர். துசியந்தனோ, சின்ன வயதிலிருந்தே மன்னாரில் மாமாவின் படகில் எஞ்சின் பிடித்து ஓட்டியவன் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தான். காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். இவனுடைய காதலுக்கு வாய் மட்டும் நன்றாக இருந்தது. திருநாளுக்கு வந்து ஆளின் கைவேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அந்தோனிமுத்து சொல்லியிருந்தார்.

அவரைக் குளிர்விக்கத்தான், விளையாடுகிறவர் ஏறி இருக்கும் இந்தக் கூண்டு. உடைந்த பைபர் படகின் பின்பாதி, இருக்க ஒரு கதிரை, அந்தோனிமுத்துவே கொடுத்த, படகைத் திருப்பும் பழைய எஞ்சின் கைபிடி. கைபிடியை அசைத்தால், அடியில் பூட்டிய பழைய ரேடியோக் குமிழ் திரும்பும். அதிலிருந்து போகும் வயர் கணினிக்குச் சேதி சொல்லும். சொல்லத்தான் சொன்னது, தலைகீழாக.

குமிழின் இரண்டு வயரையும் மாற்றி ஈயம் வைத்தான். சூடு கூடிக் குமிழ் கருகிவிட்டது. விண்கலம் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது.

வேறு குமிழுக்கு எங்கே போவது? கோயில் ஒலிபெருக்கிப் பெட்டியில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு, அங்கே வயர்களைச் சும்மா முறுக்கிவிட்டான். அன்று பின்னேரம் நவநாள் செபம் குறைக்கவே முடியாத சத்தத்தில் நடந்தது. கடலில் நின்றவர்களும் செபத்துக்குப் பதில் சொன்னார்களாம். சுவாமியார் அவனைத் திட்டவில்லை. தன்னுடைய ரேடியோவையே கொண்டுவந்து நீட்டி, இதைக் கழற்றிக்கொண்டு கோயிலுடையதைத் தா என்று கேட்டார். துசியந்தனுக்கு அது திட்டு வாங்கியதைவிடக் கேவலமாக இருந்தது.

அந்த வெட்கத்தில், புதுக் குமிழுக்கு வயரை மாற்றிப் பூட்டியதை மறந்து, லினக்ஸிலும் இடம் வலத்தை மாற்றி எழுதினான். இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று வெட்ட, விண்கலம் பழையபடி எதிர்ப்பக்கம் போனது. அழாக்குறையாக லினக்ஸில் எழுதியதை அழித்தான். திருநாளன்று காலையில்தான் இடம் இடமாகவும் வலம் வலமாகவும் வந்தது. கைபிடிக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

பின்னேரம் அந்தோனிமுத்து, மனைவி மரியமலரோடும் டிலுசாவோடும் வந்தார். துசியந்தன் தானே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். விண்கலத்தில் ஒரு கீறல் விழவில்லை. டிலுசாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இது என்ரை பழைய பிடியெல்லே," என்றபடி அந்தோனிமுத்து ஏறி இருந்தார்.

முதல் வளைவிலேயே மோதினார். மறுபடி ஓட்டினார், மறுபடி மோதினார். எந்தக் காற்றிலும் படகைக் கரைசேர்ப்பவர் என்று பெயரெடுத்த மனிதர். அவருக்குப் பிறகு ஏறிய மற்றக் கடற்றொழிலாளரும் அதே பாறையில்தான் போய் விழுந்தார்கள். சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. மாமனாராக வேண்டியவரை ஊருக்கு முன்னால் கேலிப்பொருளாக்கிவிட்டோமே என்று துசியந்தன் கூண்டடிக்கு ஓடினான்.

"பிழை உங்களிலை இல்லை ஐயா," என்று அவசரமாகச் சொன்னான். "முதல் இதைவிட மோசம். இடப்பக்கம் தள்ள வலப்பக்கமெல்லே போனது. நான்தான் கிடந்து மினக்கெட்டுத் திருத்தினனான்."

அந்தோனிமுத்து அவனையே பார்த்தார். மற்றவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். இந்தக் கலியாணப் பேச்சில் இதுவரை ஒரு சொல்லும் சொல்லாதிருந்த மரியமலர் வாயைத் திறந்தார்.

"எஞ்சின் பிடியை இடப்பக்கம் தள்ளினா படகு வலப்பக்கம்தான் தம்பி போகும். மன்னாரிலை எத்தினை வருசம் எஞ்சின் பிடிச்சனீங்கள் எண்டு சொன்னனீங்கள்?"