பனிமலையில் ஐந்து சோடி பூட்ஸ்

கமரா வைத்திருப்பவன் எல்லாம் படப்பிடிப்பாளன் ஆகிவிட முடியாது. இந்த உண்மை எனக்குத் தெரியவரும் முன்னரே என் அத்தானின் கால்விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அத்தான் (அக்காவின் கணவர்) கனடாவில், ரொறன்ரோவை அடுத்த ஸ்காபரோவில் சப்பாத்துக் கடை திறந்திருந்தார். வின்ரர் பூட்ஸ் கூரை முட்ட அடுக்கியிருந்தது. குளிர்காலமோ பாதி போய்விட்டது. பனி கரைவதற்குள் அவை விற்காவிட்டால் கடையை மூடவேண்டியதுதான் என்று அக்கா சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லியே எங்கள் எல்லோருக்கும் பசி கெட்டிருந்தது. தமிழ் வாரப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போடுவதென்று முடிவாயிற்று.

"படத்தை நான் எடுக்கிறன்," என்றேன். அதுவரை நான் எடுத்தவை பிறந்தநாள் படங்கள். (கேக் முழுசாக இருக்கும், பிள்ளைக்குத் தலை இராது.) "கடைக்குள்ளை வேண்டாம் அத்தான். பனிமலையிலை எடுப்பம். மலையேறுற ஆக்கள் போடுற பூட்ஸ் எண்டு சனம் நம்பவேணும்."

ரொறன்ரோவில் மலை கிடையாது. வடக்கே காரில் நெடுந்தூரம் ஓடி ஒன்றைக் கண்டுபிடித்தோம். காரை விட்டு இறங்கியபோதுதான் அத்தானின் கால்களைக் கவனித்தேன். கலியாண வீட்டுக்குப் போடும் கறுத்த சப்பாத்து. என்னுடையது அதைவிட மெல்லிய துணிச் சப்பாத்து.

"அத்தான், ஐஞ்சு சோடி பூட்ஸ் இருக்கு. ஆளுக்கொண்டு போடுவமே?"

"விசரே உனக்கு? போட்டால் பழசு. பிறகு ஆர் வாங்குவினம்?"

ஆகவே, பனிமலை ஏறுவதற்கென்றே செய்யப்பட்ட ஐந்து சோடி பூட்ஸையும் பெட்டிகளோடு நெஞ்சில் அணைத்தபடி, வழுக்கி வழுக்கி ஏறினோம். எதிரே இறங்கிவந்த வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் கால்களையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஏதோ கேட்க வாயெடுத்து, பிறகு மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மரப்படிகள் இருந்தன. முதற்படியின் அடியில் பூட்ஸைச் சோடி சோடியாக, நேர் வரிசையில் வைத்தேன். வேறு எப்படி வைப்பது? சப்பாத்து வரிசை என்று பிறந்ததிலிருந்து நான் பார்த்தது ஓரிடத்தில்தான். அது எந்த இடம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அத்தானின் சப்பாத்துக்குள் பனி கரைந்து குளமாகியிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பெட்டி மூடியின்மேல் வெறும் சொக்ஸோடு நின்றார்.

"படத்திலை ஒரு ஆள் வேணும் அத்தான். மேல்படியிலை பக்கமாத் திரும்பி நில்லுங்கோ."

"கெதியா எடடா! கால் இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை."

என் மூச்சுப் பட்டு மூக்குக்கண்ணாடி புகார் படிந்து மங்கிவிட்டது. குத்துமதிப்பாக அழுத்தினேன். ஒரு படம். அதோடு கமராவின் பற்றரி குளிரில் செத்துப்போனது.

கழுவி வந்த அந்த ஒரேயொரு படத்தில் பூட்ஸ் அத்தனையும் பளிச்சென்று விழுந்திருந்தன. நான் பூட்ஸை மட்டுமே பார்த்தேன். நேரே பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன்.

பத்திரிகை வந்த காலை, கடைத் தொலைபேசியை அக்கா எடுத்தார்.

"ஓம் அன்ரி... பூசையோ? என்ன பூசை?"

பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தேன். மலை. மேலே ஏறும் படிகள். அடியில் வரிசையாகக் கழற்றி வைத்த சப்பாத்துகள். மேல்படியில் சப்பாத்தில்லாத காலோடு, கண்களை மூடி, நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளையும் சேர்த்தபடி அத்தான். (குளிருக்குக் கை தேய்த்தார். தேய்ப்பது படத்தில் தெரியாதல்லவா?) கீழே கடையின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் மட்டும்.

அன்று முழுவதும் அதே கதைதான். மலையில் முருகன் கோயில் எப்போது கட்டினார்கள்? பஸ் போகுமா? அன்னதானம் உண்டா? வோபர்ன் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் நேரிலேயே வந்து, கடை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். அத்தான் சுடுநீர் வாளிக்குள் கால்களை வைத்தபடி அவருக்கு நடந்ததைச் சொன்னார். பெரியவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"கடை நிறையப் பூட்ஸ் வைச்சுக்கொண்டு சொக்ஸோடை நிண்ட ஆள் நீர்தானே! பாவமடாப்பா. எனக்கொரு சோடி எடும்."

கதை ஸ்காபரோ முழுக்கப் பரவியது. கோயிலைத் தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டார்கள். பனி கரைவதற்குள் கூரை முட்டிய அடுக்கு அத்தானின் இடுப்புக்கு இறங்கிவிட்டது. அக்கா மறுபடி வயிறாரச் சாப்பிட்டார்.

அதன்பின் நல்ல கமராக்கள் பல வாங்கிவிட்டேன். பயனில்லை. எந்தக் கொண்டாட்டத்திலும் நான் கமராவைத் தூக்கினால் போதும், "பொறடா, அத்தான் காலிலை சப்பாத்து இருக்கோ எண்டு பாத்திட்டு எடு," என்பார் அக்கா. உடனே அத்தான் கண்ணை மூடிக் கை கூப்புவார். எங்கள் குடும்ப அல்பங்களில் யாருடைய கலியாணமானாலும் சரி, எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, அத்தான் மட்டும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.