முத்திரை ஆய்வாளரின் கள்ள எடை

முத்திரை ஆய்வாளர் கால்சட்டையின் ஒரு பையில் ஒரு கிலோ எடைக்கல்லையும், மறு பையில் அரைக் கிலோ கல்லோடு வாசல் பூட்டையும் போட்டுக்கொண்டு வீட்டு எடை மெஷின் மீது ஏறினார். இருபத்திரண்டு வருஷமாகக் கடை கடையாகப் போய், தராசில் தில்லுமுல்லு செய்கிறவர்களுக்கு அபராதம் போட்ட மனிதர். சொந்த மைத்துனர் கடையைக்கூட விட்டதில்லை. அவர் செய்கிற காரியமா இது என்றால், வேறு வழியில்லை. மனைவியின் முழங்கால் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது.

மாடிப்படியில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். பத்துக் கிலோ குறையாமல் முழங்காலில் கை வைக்க மாட்டேன் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இருவரும் ஒரே நாளில், பசியை அடக்கி எடையைக் குறைக்கும் பலூனை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டார்கள். அவர் அவளுக்குத் துணை. அவருக்கும் தொப்பை இருந்தது. கத்தி இல்லை, தையல் இல்லை, வாய்வழியாக ஒரு குழாய், அவ்வளவுதான்.

"ஆம்பளை உடம்பு ஒரு மாதிரி குறையும், பொம்பளை உடம்பு ஒரு மாதிரி குறையும். ஒப்பிட்டுப் பார்க்காதீங்க" என்றார் பலூன் டாக்டர்.

யார் முந்துவார் என்று அவர் சொல்லவில்லை. ஆய்வாளரும் கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்கவேண்டுமா என்ன?

முதல் ஞாயிறு அவர் மூன்று கிலோ குறைந்திருந்தார். மனைவி ஒன்றரைதான். அவள் நேரே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆய்வாளருக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. போன வருஷம் இருவரும் நடைப்பயிற்சி தொடங்கி நாலாம் நாளே கைவிட்டார்கள். மற்றவரிடம் தோற்றுப்போன கோபத்தில் முதலில் நின்றது யார் என்பதில் இன்றுவரை வீட்டில் தகராறு உண்டு. இந்த முறை அவள் நின்றுவிடக் கூடாது.

அதற்காகத்தான் இந்த இரண்டாம் ஞாயிறு இரும்பு. சந்தைச் சோதனைக்கான எடைக்கல் பெட்டியை அவர் வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அதில் இரண்டு கிலோ கல்லைக் காணோம். அதனால்தான் பூட்டு.

பூட்டு கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

"ஏங்க, என்னங்க இது? அரைக் கிலோ ஏறியிருக்கீங்க" என்று மனைவி பதறினாள். "உள்ள பலூன் வெடிச்சிருச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு உடம்பு வாகு அப்படி."

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு பாதியானது. பாதியானதும் உடம்பு இன்னும் வேகமாக இளைத்தது. அதை ஈடுகட்ட மூன்றாம் ஞாயிறு இடுப்பில் சுத்தியலும் ஏறியது. அதிசயம் என்னவென்றால், அன்று மனைவியும் இரண்டு கிலோ ஏறியிருந்தாள்.

"பரவாயில்லைங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஏறுறோம்" என்றாள்.

என்ன ஒரு பெருந்தன்மை என்று அவருக்குக் கண் கலங்கியது. எதிர்வீட்டுக்காரர் மட்டும், "என்ன, ரெண்டு பேரும் துரும்பா இளைச்சிட்டீங்க?" என்று கேட்டு இருவரிடமும் முறைப்பு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பெட்டியில் ஐந்து கிலோ கல்லையும் காணோம். ஆய்வாளர் அலுவலக உதவியாளருக்கு இரண்டாவது மெமோ கொடுத்தார்.

"சார், பெட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது நீங்கதானே?"

"எதிர்த்துப் பேசாதப்பா."

நாலாம் வாரம் ஆஸ்பத்திரியில் சோதனை. இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து எடை பார்ப்பார்கள் என்று நினைத்து ஆய்வாளர் முழு இரும்போடு போயிருந்தார். ஆனால் ஒவ்வொருவராகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் போன மனைவிக்கு, வெளியே வரும்போது நடையே இலேசாகியிருந்தது. முழங்காலுக்கு நர்ஸ் ஏதாவது தடவியிருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் உள்ளே போனார். மெஷினில் கால் வைத்ததும், இடுப்பில் நாலு சுற்று கட்டியிருந்த கயிறு அறுந்தது. கால்சட்டை, கல், பூட்டு, சுத்தியல் எல்லாம் தரையில் விழுந்தன.

நர்ஸ் திடுக்கிடவேயில்லை. அதுதான் அவருக்கு விநோதமாக இருந்தது.

ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் கெஞ்சினார். "சிஸ்டர், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் முந்திட்டேன்னு தெரிஞ்சா மனசு விட்டுப் பலூனை எடுத்துடுவா. அப்புறம் காலம் பூரா உட்கார்ந்துதான் படி இறங்கணும்."

நர்ஸ் மெஷின் காட்டிய நிஜ எடையைக் குறித்துக்கொண்டு, மேஜை டிராயரை இழுத்து, இரண்டு கிலோ கல் ஒன்றையும் ஐந்து கிலோ கல் ஒன்றையும் எடுத்து வைத்தாள். இரண்டிலும் அவருடைய முத்திரையே இருந்தது.

"அம்மா இப்பதான் இடுப்புலேருந்து அவிழ்த்துக் கொடுத்துட்டுப் போனாங்க சார், உங்களைவிட மூணு கிலோ கூடவே குறைஞ்சிருக்காங்க, ஆனா அது தெரிஞ்சா நீங்க ரோஷப்பட்டுப் பலூனை எடுத்துடுவீங்களாம், சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினாங்க."