ஏழாம் குழியில் காய்த்த பூசணி

மதிப்பிற்குரிய திருமலை மாமாவுக்கு, மைத்துனன் நரசிம்மன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், சசிரேகா, ஒரகடத்து ஒன்பது குழிகள் எல்லோரும் நலம். வாலாஜாபாத்தில் அக்காவும் உங்கள் தோட்டமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

"புல்லுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவன், மைதானத்த இன்னா காப்பாத்தப் போறான்" என்று பொங்கலன்று அக்காவிடம் சொன்னீர்களாம். கோபமில்லை. காப்பாற்றிவிட்டேன்.

முப்பது வருடத்துக்கு முன் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் ஏரியோரம் வரைந்து கொடுத்த கோல்ஃப் மைதானம் எங்களுடையது. அவர் போட்ட மேடு பள்ளம் எதுவும் மாறவில்லை என்று பாரம்பரியக் குழு எழுதிக் கொடுத்தால் பிழைக்கும்; இல்லையென்றால் முதலாளியின் மகன்கள் அதைக் கண்டெய்னர் யார்டு ஆக்கிவிடுவார்கள், செக்ரட்டரியான நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டும். இதில் ஆயுதபூஜை வந்து தொலைத்தது. புல் வெட்டுகிறவர்கள் எல்லாம் கம்பெனி லைனில் மெஷினுக்கு ஒரு பூசணிக்காய் உடைத்துப் பழகியவர்கள், இங்கே குழிக்கு ஒன்று வாங்கி வந்துவிட்டார்கள், ஏழாம் குழிக்கு மட்டும் நாலு. ஏன்யா என்றால் சூப்பர்வைசர் கலைமணி சொல்கிறான், "அதுக்குத்தான் சார் கண்ணு ஜாஸ்தி. அடிக்கிற பந்தெல்லாம் அங்கதான் காணாம போவுது. புல்லு கெட்டுடும்னு மணல்ல ஒடச்சோம்." பந்தைத் தடுக்க வெட்டிய அந்த மணல் பள்ளம்தான் நிபுணரின் பெயர் சொல்லும் பள்ளம். அப்புறம் ஐப்பசி மழை, கார்த்திகை மழை, தை பிறந்தபோது பள்ளத்தில் மணலைக் காணோம், பூசணிக்கொடிதான் இருக்கிறது, அடியில் வெள்ளை வெள்ளையாய்க் காய் படுத்திருக்கிறது. பிடுங்குங்கள் என்றால், தண்ணீர் விடுகிற கோவிந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பூஜ காயிலேர்ந்து மொளச்சது சார். பிஞ்சும் காயுமா கீது. நீ வேணா புடுங்கு, உன் வூட்ல கேட்டுக்கினு வா" என்கிறது. சசிரேகாவைக் கேட்டேன். ஆகாது என்றாள்.

அதற்குள் குழுவிலிருந்து இசைவாணி மேடம் வந்துவிட்டார். பழைய வரைபடத்தை விரித்து, "இங்க மணல் பள்ளம் இருக்கணுமே" என்றார். நான் அசரவில்லை. "மணல எவன் வேணா கொட்டுவான் மேடம். இந்த மண்ணுல வெளையறதையே பந்துக்குத் தடையா வெச்சாரு பாருங்க, அதான் எங்க நிபுணரோட மூளை" என்றேன். மேடம் ஒரு காயைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். நேற்று சான்றிதழ் வந்துவிட்டது மாமா, 'பூசணித் தடையே இம்மைதானத்தின் உயிர்' என்று போட்டு. வியாழக்கிழமை கல்வெட்டுத் திறக்க மொத்தக் குழுவும் வருகிறது, கொடியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். இனி எந்த விவசாயியின் உதவியும் எனக்குத் தேவைப்படாது. நீங்கள் அக்காவோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் ஆசியைக் கல்வெட்டின் முன்னால் வைத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நரசிம்மன், செக்ரட்டரி

பி.கு.: கவரை ஒட்டும்போது கலைமணி வந்தான். மைதானம் பிழைத்ததில் ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கும், இன்று அமாவாசை வேறு என்று, அந்தக் கொடியின் காய்களையே பறித்து ஒன்பது குழியிலும் உடைத்துவிட்டார்களாம். காய் போன கொடியைக் கோவிந்தம்மா பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டது. "மணலு சுத்தமா கீது சார், நீ கேட்ட மாரியே" என்கிறது. மாமா, புதன்கிழமைக்குள் உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு மினி லாரியில் காய்த்த பூசணிக்கொடி வேண்டும், வேர்மண்ணோடு. நீங்களும் கூடவே வாருங்கள். முதல் வரிசைக்கு அல்ல, மண்வெட்டியோடு.