துணிந்து தோற்கும் தராசுக் கம்பெனி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும். உன் ஆலோசனைத் தொழில் மட்டும் கொஞ்ச காலம் படுத்துக் கிடந்தால் நாங்கள் எழுந்து நடமாடுவோம்.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்குத் தராசு செய்கிறது, நான் அதில் சோதனைப் பிரிவின் தலைவி என்பதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும்தான் எங்கள் முதலாளியிடம் 'துணிந்து தோற்போம்' திட்டத்தை விற்றிருக்கிறாய். உன் விளக்கப் படத்தில் உத்தி, மனிதவளம், புதுமை மூன்றும் அம்புக்குறிகளால் கைகோத்து வட்டமாக நிற்கின்றன. தராசு எங்கே என்று தேடினேன், காணோம். மாதம் ஒரு தோல்வியை ஒவ்வொருவரும் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டுமாம், மற்றவர்கள் கைதட்ட வேண்டுமாம், தோற்காதவர் புதுமைக்கு எதிரியாம், வீட்டுக்குப் போகலாமாம். வடிவமைப்பாளர் எடையை உரக்கச் சொல்லும் தராசு ஒன்றைச் செய்தார். அது ஒரு டாக்டரின் வரவேற்பறையில், ஏறி நின்ற அம்மாளின் எடையைத் தெருவுக்கே கேட்கும்படி கூவியது. அம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார், தராசு திரும்பி வந்தது, வடிவமைப்பாளருக்கு விருது. ஸ்டோர் பொறுப்பாளர் நேற்று என் மேசைக்கு வந்து, "மேடம், இந்த மாசம் எனக்கு ஒரு தப்பு குறையுது. உங்க பிரிவுல உபரியா ஏதாச்சும் இருக்கா?" என்கிறார்.

இல்லை. அதுதான் வினை. என் உதவியாளர் சரிபார்த்து அனுப்பிய தராசு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அதிகம் பேசாத பெண். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இந்த மாதக் கூட்டத்தில் அவள் ஒரு தோல்வியைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். மனிதவள மேலாளரிடம் போய் நின்றேன்.

"ஒரு தப்புகூட பண்ணலன்னா, புதுசா எதையும் முயற்சி பண்ணலன்னுதானே மேடம் அர்த்தம்?"

"தராசு புதுசா எதையும் முயற்சி பண்ணக் கூடாது சார். ஒரு கிலோவ ஒரு கிலோன்னு சொல்லணும்."

"நீங்க பழைய ஆளு மேடம். இது உத்தி."

குழந்தைத் தராசின் குளிர்ந்த தட்டில் வைத்தால் குழந்தை துள்ளுகிறது, எடை தப்புகிறது, ஒரு ரப்பர் விரிப்புப் போடலாம் என்று அவள் போன மாதமே சொன்னாள். போட்டுப் பார்த்தோம், குழந்தைகள் அசையாமல் கிடந்தன. அதையும் அவரிடம் சொன்னேன். "நல்லா இருக்கு. ஆனா இதுல தோல்வி எங்க மேடம் இருக்கு?" என்று கேட்கிறார். நீ பயிற்சி கொடுத்த மாணவர்தானே, வேறெப்படிக் கேட்பார்?

அவருக்கு ஒரே ஒரு போன் போட்டு அவளை வேலையில் விட்டுவைக்கச் சொல். மற்றபடி நீ நீண்ட நாள் வாழ வேண்டும். பிழைப்பை மட்டும் வேறு கம்பெனிகளில் வைத்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது. அவள் எழுந்து, "இந்த மேடம்கிட்ட இத்தன வருஷமா வாயத் தொறக்காம வேல பாத்தேனே, அதுதான் என் தோல்வி" என்றாள். எழுந்து நின்று கைதட்டினார்கள். திங்கள் முதல் அவள்தான் பிரிவின் தலைவி, நான் உதவியாளர். எனவே யாருக்கும் போன் போடாதே. அடுத்த மாதம் என் முறை. உன்னை மேலாண்மை படிக்க வைக்கச் சொல்லி அப்பாவிடம் மன்றாடியது நான்தான் என்று சொல்லலாமென்று இருக்கிறேன். முதல் பரிசு எனக்குத்தான்.