வைஷு சீனம் படிப்பதை நிறுத்திய விவரம்

கசார்வாடி, புனே
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனர் ரங்கராஜன் அவர்களுக்கு ஜம்புநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை சியாமளாவுக்கு முட்டிவலி தேவலை. கோயம்புத்தூரில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

வைஷு கல்லூரியில் சீன மொழியும் பண்பாடும் எடுத்தது உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் என்று ஒரு வருஷம் உங்களோடு பேசாமல் இருந்தேன். ஆனால் வெளியே, பால் வாங்குகிற இடத்திலிருந்து கோயில் வரிசை வரைக்கும், "எம் பொண்ணு சீனம் பேசுவா" என்று சொல்லாத நாளில்லை. அதில்தான் வினை வந்தது.

தெருக்கோடியில் இர்பான் பாய் பாட்டில் மூடி செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். போன மாதம் அவருடைய சீன மெஷின் நின்றுபோக, அதைச் சரிபார்க்கச் சீனாவிலிருந்தே ஒரு மெக்கானிக் வந்துவிட்டார், கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் காய்ச்சல். "கவலைய விடுங்க பாய், நம்ம வைஷு இருக்கா" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், வைஷுவைக் கேட்கவில்லை. "அப்பா, இன்னிக்கு காலேஜ்ல எனக்கு காம்படிஷன். ரெண்டு மாசமா ப்ராக்டிஸ் பண்றேன்ப்பா" என்றாள். சீனக் கவிதை ஒப்பிக்கிற போட்டி. கண்ணாடி முன்னால் நின்று அவள் சொல்லிப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன், மச்சான். "கவிதை எங்க ஓடிப் போவுது? அரை மணி நேர வேலை" என்று ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

அந்த மனிதர் மெஷினை ஒருவழியாக ஓடவிட்டு, அதைக் காட்டி "குவான், குவான்" என்றார். "நிறுத்தச் சொல்றார்" என்றாள் வைஷு. மெஷினை நிறுத்தினோம். அவர் மறுபடி போட்டுவிட்டு, முகம் சிவந்து, "குவான்!" என்றார். மறுபடி நிறுத்தினோம். நாலாவது தடவை அவர் எட்டி உதைக்காத குறை. இழுத்துச் சொன்னால் அந்தச் சொல்லுக்குக் குழாய் என்று அர்த்தமாம், அது எங்களுக்குக் குழாய் வெடித்த பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் பீய்ச்சி அடித்து அவர், பாய், நான், சுவரில் மாட்டியிருந்த காலண்டர் எல்லோரும் ஒரே நிறமாகிவிட்டோம்.

அதோடு விட்டிருக்கலாம். பத்து பேர் நடுவில், "ரெண்டு வருஷமா இதத்தான் படிச்சியா?" என்று கத்திவிட்டேன். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹைவே ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போனாள். போட்டிக்கும் போகவில்லை.

மறுநாள் சீனப் புத்தகங்களை எல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, "நீங்க சொன்ன கம்ப்யூட்டர் கோர்ஸே சேந்துக்கறேன்" என்றாள். நான் இரண்டு வருஷமாகக் கேட்டது அதுதான். சந்தோஷமே வரவில்லை, மச்சான். அவளுடைய சீன வகுப்பு ராஜஸ்ரீ மேடத்தைப் போய்ப் பார்த்தேன். "பட்டறைச் சீனம் எனக்கே வராது சார். கிளாஸ்ல நல்லாப் படிக்கிற பொண்ணு அவ" என்றார். திருச்சியிலிருந்து இங்கே வந்த புதிதில், நான் பேசிய ஹிந்தியைக் கேட்டு நான் வேலை பார்த்த பட்டறையே சிரித்தது. அப்போது சிரிப்பவர்கள் மத்தியில் நிற்பது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

பத்தொன்பது நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. "அம்மா, அப்பாவ சாப்பிடச் சொல்லு" என்று நான் எதிரில் இருக்கும்போதே சொல்கிறாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், வாயில் "ஃபேனை அணை" என்றுதான் வருகிறது. தாய்மாமன் நீங்கள் வந்து சொன்னால் கேட்பாள். நான் இனி அவள் படிப்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மீது இப்போது எந்தக் கோபமும் இல்லாத
ஜம்புநாதன்

பி.கு.: நீங்கள் வரவேண்டாம். இதை ஒட்டுவதற்குள், இங்கேயே வளர்ந்து தமிழ் சரியாகப் படிக்க வராத வைஷு வந்து, எழுதினதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, "இத நேர்லயே சொல்லியிருக்கலாம்லப்பா" என்று அழுதாள். நானும் அழுதேன். புத்தகங்கள் இறங்கிவிட்டன, திங்கள்முதல் வகுப்புக்குப் போகிறாள்.

பி.பி.கு.: அந்தச் சந்தோஷத்தில் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன். வழியில், பாணேர் பக்கம் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஹரிபிரசாத் பிடித்துக்கொண்டு, தன் கம்பெனிக்கு இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பேச யாராவது உண்டா என்றார். சீன எழுத்தும் ஜப்பான் எழுத்தும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கின்றன, "நம்ம வைஷு இருக்கா" என்று சொல்லிவிட்டேன். வைஷுவுக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து அதற்கு முந்தின சனிக்கிழமைக்குள் வந்துவிடவும்.