பூட்டுப் போட்ட பிளேயர்

கொஞ்ச நாளாகவே நம்ம ஆளுக்கு மனைவி மேல் சந்தேகம். தப்பாக நினைத்துவிடாதீர்கள். இருவரும் சேர்ந்து பார்க்கிற துப்பறியும் தொடரை, அவள் தனியாக முன்னாடியே பார்த்துவிடுகிறாளோ என்பதுதான் சந்தேகம்.

பந்தயம் அப்படி. கொலைகாரன் யாரென்று சரியாகச் சொல்பவர் வருஷம் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டாம். இவள் என்னடாவென்றால், "பாருங்க, இப்ப அந்த டாக்டர் பொய் சொல்லுவான்" என்பாள். டாக்டரும் தவறாமல் பொய் சொல்லுவான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் முழியே சரியில்லைங்க."

"முழியை வச்சா?"

"உங்களையே முழியை வச்சுத்தானே கண்டுபிடிக்கிறேன்."

ஆபீசில் ஊராருக்கு மென்பொருள் எழுதுகிறவன் வீட்டில் ஏமாறுவதா? ஹால் டிவியில் ஓடுவது அவனே எழுதிய மீடியா பிளேயர். அதில் ஸ்கிரிப்ட் வசதியைச் சேர்த்தான்.

"ஸ்கிரிப்ட்னா ஒண்ணுமில்லம்மா. இது நடந்தா அதைச் செய்னு ரெண்டு வரி எழுதி வச்சா, பிளேயர் கைகட்டிக் கேட்கும். யார் வேணாலும் எழுதலாம்." முதல் ஸ்கிரிப்டையும் காட்டினான். அவனுடைய போன் ஹாலில் இருந்தால்தான் தொடர் ஓடும்.

அவள் கோபப்படவில்லை. அதில்தான் அவன் சந்தேகம் இரட்டிப்பானது.

"நல்லதாப் போச்சு. அப்படியே திரையிலேயே பட்டன் வச்சுக் கொடுங்க, கீபோர்டைத் தேடி மாளலை. ஓட்ட ஒண்ணு, நிறுத்த ஒண்ணு. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோன்னு ஒண்ணு, அங்கேயே திரும்பிப் போன்னு ஒண்ணு."

"கடைசி ரெண்டும் எதுக்கு?"

"பெல் அடிக்கும், அடுப்பில பால் இருக்கும். எழுந்து போய்ட்டு வர வேண்டாமா?"

நியாயம்தான். உருண்டை உருண்டையாக, தொட்டால் மின்னுகிற பட்டன்களாக வைத்துக் கொடுத்தான்.

அதன் பிறகு குளிக்கப் போனாலும் போனோடுதான் போனான். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்தால், ஒரு பாகம் முடிவதற்குள் விளக்குப் போடுகிற நேரம் ஆகிவிடும். தொடர் அவ்வளவு நீளம் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அவள் மட்டும், "அந்தத் தோட்டக்காரனை நம்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரணை வைத்தான். "எங்க வீட்டம்மா இங்க வந்து டிவி பார்க்கிறாளா அக்கா?"

"எங்க டிவி கெட்டுப்போயி ஒரு மாசமாச்சு தம்பி. உங்க வீட்டுச் சத்தத்திலதான் நாங்களே கதை கேட்கிறோம். ஞாயித்துக்கிழமை அலற விடுறீங்களே."

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனும் கூடத்தானே இருக்கிறான்? வந்த வழியே திரும்பினான்.

கடைசிப் பாகமும் வந்தது. அவன் டாக்டர் என்றான், அவள் தோட்டக்காரன் என்றாள். தோட்டக்காரனுக்கு விலங்கு மாட்டினார்கள். நம்ம ஆள் முழங்கை வரை சோப்பு நுரையோடு சமையலறையில் நின்றான். அவமானம் தாங்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. எப்படிப் பார்த்தே?"

"நீங்க பக்கத்தில இல்லாம ஒரு காட்சி கூடப் பார்க்கலைங்க. நீங்கதான் பெயர் போட்டு முடியறதுக்குள்ள தூங்கிடறீங்களே. ஞாபக பட்டனை அழுத்திட்டு அடுத்தடுத்த பாகத்தைப் பார்ப்பேன். நீங்க புரண்டு படுத்தா திரும்புற பட்டன். முழிச்சதும் விட்ட இடத்திலேயே பார்ப்பீங்க."

"நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

"அந்த யோசனைக்கு மேல வசனம் கேட்கணுமேன்னுதான் சத்தத்தைக் கூட்டினேன்."

நுரையை உதறினான். "அந்த ரெண்டு பட்டனையும் இன்னைக்கே பிடுங்கி எறியறேன்."

"தாராளமா எறியுங்க. ரிமோட்டில மைக் இருக்கில்ல? நீங்க சொன்ன மாதிரி ரெண்டு வரி எழுதி வச்சிட்டேன். குறட்டை கேட்டா ஓடும், நின்னா திரும்பிடும்" என்றவள், வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "அந்த அடிப்பிடிச்ச சட்டியை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க."